முக்காலுக்கு முழுக் கட்டணம்

வயலின் குடும்பத்தில் மிகத் தாழ்ந்த குரலுக்கு உரியதும், ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரம் நிற்பதுமான டபுள் பேஸ், பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவிலேயே ‘முக்கால்’ என்று வகைப்படுத்தப்படுகிறது. முழு அளவு எனப்படுவது அரிதாகவே புழங்குவதால், பெயரில் குறைந்ததே வழக்கில் நிறைந்திருக்கிறது. இந்தப் பெயர் விமான நிலையத்தின் பெருஞ்சுமைச் சாளரம்வரை சென்று சேரும்போது, அங்கே அமர்ந்திருக்கும் விதியாளருக்கும் பெட்டியைத் தள்ளிவந்த வில்லாளருக்கும் இடையே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது.

விதியாளர்: படிவத்தில் முக்கால் என்று குறிக்கப்பட்டுள்ளது. மீதிக் கால் எங்கே?

வில்லாளர்: மீதி என்று எதுவும் இல்லை, ஐயா. கருவியின் அளவுக்கு வழங்கும் பெயரே அது. முக்காலி என்று கேட்டவுடன் நாலாவது காலைத் தேடுவோர் உண்டா?

விதியாளர் (எழுதியவாறே): முக்காலி. அறைகலன் பிரிவு.

வில்லாளர்: அறைகலன் அன்று, இசைக்கருவி. அடியிலுள்ள கம்பியைத் தரையில் ஊன்றி ஒற்றைக் காலில் நிற்பது.

விதியாளர்: முக்காலோடு ஒரு காலும் சேர்ந்தால் கணக்கு முழுதாகிறது. முழுக் கட்டணம்.

கணக்கில் பிழை காண்பதற்கு இல்லை. கட்டணம் தீர்மானமானபின் விதியாளரின் பார்வை இசைத்தாள்கள்மீது செல்கிறது. டபுள் பேஸுக்கான இசைக்குறிப்பு, கோடுகளுக்குக் கீழே அளவின்றி இறங்கிவிடாதிருக்கும் பொருட்டு, உண்மையில் ஒலிப்பதைக் காட்டிலும் ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவது மரபு என்று வில்லாளர் விளக்குகிறார்.

விதியாளர்: எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது வேறு. இது பொய்யான அறிவிப்பு. மேல்தாளில் ‘யானை’ என்றும் இருக்கிறதே. தந்தத்துக்கு அனுமதிச் சான்று உண்டா?

வில்லாளர்: அது பிரான்ஸின் சான்-சான்ஸ் 1886இல் இயற்றிய ‘விலங்குகளின் களியாட்டம்’ என்ற இசைத்தொகுப்பில் டபுள் பேஸுக்கென்றே அமைந்த பகுதி. அந்த யானைக்கு நடை உண்டு, தந்தம் இல்லை.

விதியாளர்: யானை என்பது குறித்துக்கொள்ளப்படுகிறது. எடை?

எடை என்ற சொல்லோடு பேச்சு கசக்கத் தொடங்குகிறது. ஏனெனில் கருவியைக் காக்கும் வன்பெட்டி கருவியைவிடக் கனமானது, பல நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு வகுத்திருக்கும் 32 கிலோ வரம்பு இரண்டும் சேர்ந்தால் எளிதில் தாண்டப்படுகிறது.

வில்லாளர்: அமெரிக்காவில் 2012இல் இயற்றப்பட்ட சட்டம், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 150 அங்குலத்துக்கும், எடை 165 பவுண்டுக்கும் மேற்படாத இசைக்கருவியை, விமானப் பாதுகாப்பு விதிகளின்படி ஏற்றமுடியுமானால் பயணச் சுமையாக ஏற்கவேண்டும் என்கிறது.

விதியாளர்: அது அந்நாட்டு அங்குலம்.

வில்லாளர்: சட்டமே இல்லாத காலத்திலும் இந்தக் கருவி பயணம் செய்திருக்கிறது, ஐயா. வண்டியையும் பாய்மரக் கப்பலையும் விட்டால் வேறு வழியில்லாத 1794இல் பேஸ் கலைஞர் டொமினிகோ டிராகோனெட்டி வெனிஸை விட்டு லண்டன் போய்ச் சேர்ந்து புகழோடு வாழ்ந்தார், அடுத்த தலைமுறையின் ஜொவான்னி பொத்தெசீனி கடல்கடந்து ஹவானாவில் வாசித்தார், 1871இல் கெய்ரோவில் வெர்தியின் அயீதா இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது அதை நடத்தியவரும் அவரே. இருவரும் மூன்று தந்தி பூட்டிய டபுள் பேஸ் வாசித்தவர்கள்.

விதியாளர்: நாலில் மூன்று தந்தி என்றால் அதுவே அசல் முக்கால். நாலு தந்தி கட்டிக்கொண்டு முக்கால் என்று எழுதுவது முறைகேடு.

வில்லாளர்: முறைகேடு எது என்பதைத் தாங்களே சொல்லுங்கள்! கருவி பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக அதன் கழுத்தை அறுத்து, திருகாணி வைத்துக் கழற்றிப் பூட்டும்படி செய்துகொள்கிறார்கள் வாசிப்பவர்கள். அதன்பிறகும், உடைந்தால் பொறுப்பில்லை என்ற தாளில் உடைவதற்கு முன்பே கையொப்பம் வாங்கிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஸ்புரூஸ் மரப்பலகையை மழையில் கிடத்திவைக்கிறீர்கள். வழிப்பறிக்காரன்கூடப் பறித்தபின் கையொப்பம் கேட்பதில்லை. கேரி கார் 1967இல் நிறுவிய சர்வதேச பேஸ் கலைஞர் சங்கம் போன்ற அமைப்புகள் கலையை வளர்க்க ஏற்பட்டவை. ஆனால் எங்கேனும் இரு பேஸ் கலைஞர்கள் சந்தித்தால், உள்ளங்கை கீழ்நோக்கிய பிரெஞ்சு வில்பிடி சிறந்ததா, மேல்நோக்கிய ஜெர்மன் வில்பிடி சிறந்ததா என்ற பழைய சண்டையைக்கூடப் போடாமல், எந்தச் சாளரத்தில் பெட்டியை ஏற்றார்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். பரிமாறும் செய்தியில் முக்காலே மூன்று வீசம் அதுதான்!

விதியாளர்: மீதி ஒரு வீசம்?

வில்லாளர்: எந்தச் சாளரத்தில் ஏற்கவில்லை என்பது.

இதற்குள் ஊழியர் இருவர் பெட்டியைச் சாய்த்துத் தூக்கிப் பொத்தென்று வைக்க, உள்ளே ஏதோ கடகடவென்று உருளும் ஓசை கேட்கிறது. வில்லாளரின் முகம் வெளுக்கிறது.

விதியாளர்: உள்ளே உருள்வது என்ன?

வில்லாளர்: மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசை ஏதுமின்றி அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் சிறு மரத்தண்டு. தந்திகளின் அதிர்வை அடிப்பலகைக்குக் கொண்டுசெல்வது அதுதான். அது விழுந்தால் கருவிக்குக் குரல் இல்லை. பிரெஞ்சு மொழியிலும் இத்தாலிய மொழியிலும் அதை உயிர் என்றே அழைக்கிறார்கள்.

விதியாளர்: உள்ளே உயிர் இருக்கிறதா? தாளில் கண்ட யானை இதுதானா? முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது. உயிருள்ள விலங்குகளுக்கான படிவம் அடுத்த சாளரத்தில் கிடைக்கும். முக்கால் யானைக்கும் முழுக் கட்டணமே.