பூட்ஸுக்கு நல்லது செய்தவர்கள் கதி

கி.பி. 70, ஜெருசலேம். ரோமானியப் படை முற்றுகையில் திணறிக்கொண்டிருக்கிறது. ஜூலியானஸ் என்கிற செஞ்சுரியனுக்கு, அதாவது படைப்பிரிவுத் தலைவனுக்கு, திடீரென்று வீரம் வந்துவிட்டது. தளபதி டைட்டஸ் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை ஆளாகப் பாய்ந்து எதிரிகளைக் கோயிலின் உள்மூலை வரை விரட்டிக்கொண்டு போனான். பிரமோஷன் கிட்டத்தட்ட உறுதி. அந்த நேரம் பார்த்து பூட்ஸ் காலை வாரிவிட்டது. ரோமானியச் சிப்பாயின் பூட்ஸ் அடியில் வரிசையாக இரும்பாணி அடித்திருப்பார்கள். மண்பாதைக்கு அது தங்கம். வழுவழுப்பான கல் பாவிய கோயில் முற்றத்தில் அதுவே எமன். ஆள் மல்லாக்க விழுந்தான். கவசம் எழுப்பிய சத்தத்தில், ஓடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்ன, கதை முடிந்தது. வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் இதை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார், உதவிக்கு ஒருத்தரும் போகவில்லை என்பது உட்பட.

பூட்ஸில் மேலே இருப்பது ஊரார் பார்க்க, அடியில் இருப்பது போட்டவன் பிழைக்க. ஜூலியானஸ் உயிரைக் கொடுத்துச் சொன்ன இந்தப் பாடத்தை மனித குலம் கேட்டுக்கொண்டதா? கேட்கவில்லை. அடுத்து அது பூட்ஸின் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மூக்கை நீட்டிக்கொண்டே போனார்கள். 1386-ல் ஸெம்பாக் போர்க்களத்தில் ஆஸ்திரிய வீரர்கள் குதிரையை விட்டு இறங்கிச் சண்டை போட வேண்டி வந்தது. இறங்கினால் நடக்க முடியவில்லை. அன்றைக்கு அவர்கள் முதலில் வெட்டியது தங்கள் பூட்ஸ் மூக்கைத்தான் என்று சொல்வார்கள். வெட்டியும் பிரயோஜனமில்லை, தோற்றார்கள். 1463-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம், பிரபு அந்தஸ்துக்குக் கீழே இருப்பவன் எவனும் 2 அங்குலத்துக்கு மேல் மூக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. முக்கியமான வேலையை முதலில் முடிக்க வேண்டாமா?

பிறகு வந்தார் ஹோபி. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பூட்ஸ் கடை, ஓய்வு நேரத்தில் மதப் பிரசங்கம். நம்ம சென்னைக் கோட்டையிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் புழுதி மிதித்துவிட்டுப் போய், பிறகு வெலிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லெஸ்லி இவருடைய வாடிக்கையாளர். குஞ்சம் வைத்த ஹெஸ்ஸியன் பூட்ஸைக் கொடுத்து, குஞ்சத்தை எடுத்துவிட்டுக் காலோடு ஒட்டினாற்போலத் தைத்துத் தரச் சொன்னார் கோமகன். பிறந்தது வெலிங்டன் பூட்ஸ். வெலிங்டன் ஜெயித்ததெல்லாம் தன் பூட்ஸாலும் தன் பிரார்த்தனையாலும்தான் என்று ஹோபி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சர் ஜான் ஷெல்லி என்ற கனவான் வந்து, பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று புகார் சொன்னார். எப்படிக் கிழிந்தது? லாயம் வரைக்கும் நடந்தாராம். “நடந்தீர்களா! நான் சவாரிக்கு அல்லவா தைத்தேன்?” என்று ஹோபி அதிர்ச்சியடைந்தார். சோல் பிரிந்த ஷூவைக் கொண்டுபோனால் “மழையில போட்டீங்களா சார்?” என்று நம்மையே குற்றவாளி ஆக்கும் கடைக்காரர்களுக்கு மூலபுருஷர் இவர்தான். சாகும்போது ஹோபி விட்டுப்போன சொத்து 1,20,000 பவுன் என்கிறார்கள்.

பணக்காரன் காலுக்குத் தைத்தவன் பிழைத்துக்கொண்டான். சாதாரண ஆள் காலைப் பற்றிக் கவலைப்பட்டவன் கதையைக் கேளுங்கள்.

1809-ல் ஸ்பெயினின் கொருன்னாவிலிருந்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். காரணம், ராணுவ கான்ட்ராக்டர்கள் சப்ளை செய்த பூட்ஸ். சோலின் இரண்டு அடுக்குக்கு நடுவே களிமண் வைத்து ஒட்டியிருந்தார்கள். மழை வந்தால் களிமண் கரையும், பூட்ஸ் வாயைப் பிளக்கும், கான்ட்ராக்டர் அடுத்த ஆர்டருக்கு பில் போடுவார். இதைப் பார்த்துப் பொறுக்காத மார்க் பிரூனல் என்ற இன்ஜினியர், லண்டன் பேட்டர்ஸியில் இயந்திரம் செய்தார். ஊனமுற்ற சிப்பாய்களை வேலைக்கு வைத்து, ஆணியடித்த உறுதியான சோலோடு நாளைக்கு 400 ஜோடி வரை தயாரித்தார். சர்க்கார் பாராட்டியது, ஆர்டர் கொடுத்தது. 1815-ல் வாட்டர்லூவில் வெலிங்டன் ஜெயித்தார். யுத்தம் முடிந்தது, ஆர்டரும் முடிந்தது. குவிந்து கிடந்த பூட்ஸோடும் மற்ற நஷ்டங்களோடும் பிரூனல் 1821-ல் கடனாளி சிறைக்குப் போனார். ரஷ்யாவுக்குப் போய்விடுவேன் என்று அவர் சொன்ன பிறகுதான் சர்க்கார் பதறிப்போய் 5,000 பவுன் கட்டி மீட்டது.

வாட்டர்லூவில் வெலிங்டனுக்குக் கைகொடுத்த பிரஷ்யத் தளபதி புளூஷரும் ஒரு பூட்ஸுக்குப் பெயர் கொடுத்தவர். 72 வயசுக் கிழவர். இரண்டு நாள் முன்னால்தான் குதிரைக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தார். மருந்து தடவிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். லேஸ் கட்டும் இரண்டு பக்கத் தோலும் கதவு மாதிரி முழுசாகத் திறக்கிற மாடல் அவர் பெயரில் நிலைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வித்தையைக் கண்டுபிடித்து 1844-ல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கிய ஹிராம் ஹட்சின்சன் 1853-ல் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் செய்து கொழித்தார். வெலிங்டன் பெயர் தோலை விட்டு கம்பூட்ஸுக்குத் தாவியது. கண்டுபிடித்த குட்இயர்? கடனுக்காகப் பல தடவை சிறை பார்த்துவிட்டு, 1860-ல் சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு கண்ணை மூடினார். 1898-ல் தொடங்கிய டயர் கம்பெனி மரியாதைக்காக அவர் பெயரை வைத்துக்கொண்டது. குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. அவர் மகன் சார்ல்ஸ் ஜூனியர்தான் 1870-களில் வெல்ட் தைக்கும் இயந்திரத்தைப் பக்குவப்படுத்தினார். மேல்தோலோடு ஓரத்தில் ஒரு தோல் பட்டையைச் சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைப்பது. சோல் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், மேல்தோலுக்குச் சேதமில்லை. களிமண் கான்ட்ராக்டர்களின் வயிற்றில் அடித்த தையல் இது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கைவேலை. மரக் கட்டையின் மேல் தோலை இழுத்துப் பிடித்துச் சுருக்கமில்லாமல் அடிப்பது. மிருதங்கத்துக்குத் தோல் வலித்துக் கட்டுவது மாதிரி வித்தை. மாஸசூஸெட்ஸ் மாநிலம் லின் நகரத்து ஷூ தொழிலாளிகள், எந்த இயந்திரமும் எங்கள் விரலைத் தொட முடியாது என்று மார்தட்டினார்கள். கையால் நாளைக்கு 50 ஜோடி. தென் அமெரிக்காவின் சுரிநாமிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளி யான் மாட்ஸெலிகர், ராத்திரியில் கண் விழித்து, வயிற்றைக் கட்டி, பழைய சுருட்டுப் பெட்டி மரத்தில் மாதிரி செய்து பார்த்தார். 1883-ல் காப்புரிமை. வரைபடம் புரியாமல் காப்புரிமை அலுவலகம் ஆளையே அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. இயந்திரம் நாளைக்கு 700 ஜோடி வரை அடித்தது, ஷூ விலை சரிந்தது. தோல் நிறத்தைப் பார்த்து லின் நகரத்துத் தேவாலயங்கள் சில அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உரிமையில் பெரும் பங்கை முதலீட்டாளர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1889-ல் காசநோயில் செத்தபோது அவருக்கு வயசு 36.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. ஆவாரம்பூவைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் போடுகிற நாம், ஆவாரம்பட்டையில் தோலை ஊறப்போட்டோம். முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்தில் அப்படிப் பதனிட்ட மாட்டுத்தோல்தான் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது. மூட்டை மூட்டையாக அனுப்பினோம். போட்டுக்கொண்டவர் வேறு, பேர் வாங்கியவர் வேறு.

ஆகவே கடைக்குப் போனால் இத்தனை பேருக்கும் மரியாதை செய்யும் விதமாக, பூட்ஸைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்துப் பட்டையில் தையல் இருக்கும். அது நிஜத் தையலா, பசை போட்டு ஒட்டிய பட்டையில் அழகுக்குப் போட்ட நூலா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் “தேய்ஞ்சா சோல் மாத்திக்கலாமா?” என்று கேளுங்கள். “எதுக்கு சார், புதுசு வாங்கிக்கலாமே” என்று பதில் வந்தால், எதிரே நிற்பவர் களிமண் வம்சம். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

அடுத்து, விரல் மடங்கும் இடத்தில் மெல்ல வளையுங்கள். நல்ல தோலில் பொடிப் பொடியாக ரேகை விழும், விட்டால் ஏறக்குறைய மறையும். தேய்த்துப் பெயின்ட் அடித்த தோல் பெரிய மடிப்பாக மடங்கும், நாளடைவில் வெடிக்கும். நுண்துளையும் பூச்சிக்கடித் தழும்பும் தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம், மாடு உயிரோடு மேய்ந்ததற்கு அத்தாட்சி. ‘ஜெனியூன் லெதர்’ முத்திரை, அது தோல் என்று சொல்லும். எந்த லட்சணத்துத் தோல் என்று சொல்லாது.

செருப்பிலேயே வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருக்கும். கிழவர் புளூஷரின் மாடல் அதற்குத் தோது. கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், போடப்போகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். “போடப் போடச் சரியாயிடும் சார்” என்பது குதிகாலுக்குப் பொருந்தும், சுண்டுவிரலுக்குப் பொருந்தாது. ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். நனைந்தால் நியூஸ் பேப்பர் திணித்து நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயில் ஆகவே ஆகாது.

பாலிஷுக்கு ஒரு டப்பா கிரீமும் கிழிந்த பனியனும் போதும். ஷாம்பெயின் நுரையில் பூட்ஸ் துடைப்பதாகப் பேர் வாங்கிய லண்டன் மைனர் பியூ பிரம்மல், 1816-ல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்ஸுக்கு ஓடினார். பூட்ஸ் என்னவோ பளபளவென்றுதான் இருந்திருக்கும். நல்ல பூட்ஸ் விலை கூடத்தான், அதற்காக இ.எம்.ஐ.யில் மட்டும் வாங்காதீர்கள். பூட்ஸ் விவகாரத்தில் கடனாளி ஆனவர்கள் பட்டியல் ஏற்கெனவே ரொம்ப நீளம்.