எஜமானுக்குப் பின்னணி இல்லையா?

மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் 23. அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்தது, கொலைப்பழி விழுந்தது. 2013 ஜனவரி 9இல் தலையை வெட்டினார்கள். நாடு அழுதது. அரசும் அழுதது. அழுது முடித்த கையோடு ஒரு படிவம் அச்சடித்தது.

பெயர், குடும்பப் பின்னணி அறிக்கை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக முடியாது என்று விதி வந்தது. பிள்ளை பெரிதென்றால், யார் சோறு கொடுப்பார், யார் பள்ளிக்கு அனுப்புவார் என்று உத்தியோகத்தர் வீடு தேடி வந்து விசாரித்தார். பிரதேச செயலகம் முத்திரை குத்தியது. ரிசானாவின் வயதைக் கூட்டியது முகவர், விசாரணை தாய்க்கு! தகப்பன் கட்டாருக்குப் போனால் இந்தக் கேள்வி ஏதும் இல்லை. பிள்ளை தானாக வளர்ந்துவிடும் போலும்.

சரி, அவள் போகும் வீட்டைப் பற்றி யாராவது கேட்டார்களா? படுக்க அறை உண்டா? கடவுச்சீட்டு யார் அலுமாரியில் இருக்கும்? முன்பு வேலை செய்தவள் ஏன் ஓடினாள்? 2010இல் சவூதியிலிருந்து திரும்பிய ஒரு தாயின் உடம்பிலிருந்து நம் வைத்தியர்கள் ஆணிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். எடுத்தது ஒன்றிரண்டல்ல. ஆணி அடித்த வீட்டுக்கு எந்த உத்தியோகத்தரும் கோப்போடு போகவில்லை.

2022இல் டொலர் வற்றியது. உடனே அரசுக்கு ஞானம் பிறந்தது. ஐந்து வயது என்ற எல்லை இரண்டு வயதானது. குழந்தை மனம் மாறவில்லை. மத்திய வங்கியின் கையிருப்புத்தான் மாறியது.

வாசலைப் பூட்டிய காலத்திலும் பெண்கள் வீட்டில் உட்காரவில்லை. நுண்கடன்காரர் கிழமைக்கொரு தடவை படலையில் வந்து நின்றால் எப்படி உட்காருவது? உப முகவர் வந்தார். "விசிட் விசாவில போங்க தங்கச்சி, போனதும் மாத்திக்கலாம்." கையில் முற்பணமும் வைத்தார். அந்தக் காசே பிறகு கழுத்துச் சுருக்கு. இடையில் ஓடினால் திருப்பிக் கட்டு என்பார்கள். இப்படிப் போனவர்கள் ஓமானில் விற்கப்பட்ட கதை 2022 நவம்பரில் வெடித்தது. காப்பாற்ற வேண்டிய நம் தூதரகத்தின் மூன்றாம் செயலாளரே ஆட்கடத்தல் சந்தேகத்தில் கட்டுநாயக்கவில் கைதானார்.

2024இல் ஆணும் பெண்ணுமாக வெளிநாட்டிலிருந்து அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். அதற்கு நன்றியாக மேடையில் 'நாட்டின் வீரர்கள்' என்ற பட்டம் கொடுக்கிறார்கள். பட்டத்துக்குச் செலவில்லை.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்: தாயின் பின்னணியை அலசினீர்களே, எஜமானின் பின்னணி அறிக்கை எங்கே? முகவரின் அறிக்கை எங்கே? காட்டிவிட்டு உள்ளே வரட்டும்.