சந்தாதாரருக்குக் கடைசி நாற்காலி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் இதழ் பிறந்தால் ஊரே கூடும். டத்தோ வருவார். மாலை விழும், பொன்னாடை விழும். முதல் பிரதியை ஒரு வள்ளல் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிப் படம் பிடித்துக்கொள்வார், பிரித்துப் பார்க்கமாட்டார். வாசலில் மேசை போட்டு ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். "ஐயா, ஓராண்டுச் சந்தா. நாமளே தமிழை ஆதரிக்காட்டி வேற யாருங்க ஆதரிப்பா?" இதற்கு 'மாட்டேன்' என்று சொல்லத் துணிந்த தமிழன் துன் சம்பந்தன் சாலையில் இன்னும் பிறக்கவில்லை.

அதே இதழ் சாகும்போது கருமாதிக்குக்கூட ஆள் இருக்காது. இரண்டு மாதம் இதழ் வராது. போன் போட்டால், "அச்சகத்துல பிரச்சினைண்ணே, அடுத்த மாசம் இரட்டை இதழாப் போட்டுடறோம்." பிறகு போனும் எடுக்கமாட்டார்கள். எங்காவது கல்யாண வீட்டில் ஆள் அகப்பட்டு, மிச்சப் பணத்தைக் கேட்டுவிட்டால் வரும் பாருங்கள் கண்ணீர்: "தமிழுக்காக ரத்தம் சிந்தினவன்கிட்ட நூறு வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கிறீங்களே!" யாருடைய ரத்தம், ஐயா? கூலி வராத அச்சகக்காரருடையதா, சம்பளப் பாக்கியோடு வீட்டுக்குப் போன பிழைதிருத்துநருடையதா, எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு காசு பார்க்காத கவிஞருடையதா?

மூடுவது குற்றமில்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றது. கொரோனா வந்ததும் 2020 ஏப்ரல் 30-இல் 'ஹெர் வேர்ல்ட்', 'கிளியோ' எல்லாம் வெளியிட்ட புளூ இங்க் மீடியாவே கடையைச் சாத்தியது. விளம்பரம் கைப்பேசிக்கு ஓடிவிட்ட காலம். நட்டம் யாருக்கும் வரும். என் கோபம், அடுத்த இதழ் வராது என்று தெரிந்தபிறகும் 'மூன்றாண்டுச் சந்தா கட்டினால் ஓராண்டு இலவசம்' என்று சலுகை அறிவிக்கும் கையின்மேல். திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தே கடன்படும் நிறுவன அதிகாரிமேல் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 539-ஆவது பிரிவு பாயும். ஆனால் நூற்றிருபது வெள்ளிச் சந்தாவுக்காக அதை ஏவிவிடப்போவது யார்?

மற்றபடி, நிறுவனம் கலைக்கப்பட்டால் சந்தாதாரர்களான நமக்கும் சட்டம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது, கடைசி வரிசையில். அடைமானம் பிடித்த வங்கி தனக்குரியதை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சத்தில் முதலில் நிறுவனத்தைக் கலைக்கும் செலவு. அதாவது பிணத்தை எண்ண வந்தவரின் கூலி. பிறகு ஊழியர் சம்பளம், ஆளுக்கு 15,000 ரிங்கிட் வரை. அதை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களே பாவம். அப்புறம் சேமநிதிச் சந்தா; ஆமாம், அந்தச் சந்தாவுக்கு முன்னுரிமை உண்டு. அப்புறம் வருமான வரி. அதன்பிறகும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், மை விற்றவரோடு சேர்ந்து நாம் பங்கு போட்டுக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கான பத்திரிகை அறிவிப்பு ஒரு மலாய் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் வந்தால் போதும். தமிழைக் காக்கப் பணம் கட்டியவருக்குத் தமிழில் ஒரு வரி கிடையாது.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐந்து வெள்ளிதான் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞரும் வேண்டாம். நிறுவனம் உயிரோடு இருக்கும்வரை அருமையான இடம். நீதிமன்றம் கலைப்பு ஆணை பிறப்பித்துவிட்டால், வழக்குத் தொடர முதலில் உயர்நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். நூற்றிருபது வெள்ளியை மீட்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர் சந்தாதாரர் இல்லை, வள்ளல்.

வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர், வாங்குபவர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்த வீடமைப்புத் திட்டத்துக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. இதழ் நடத்துகிறவர்களையும் அப்படி ஒரு கணக்கு திறக்கச் சொல்லுங்களேன், எத்தனை பேருடைய தமிழ்ப்பற்று அன்றைக்கே படுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். கணக்கு திறக்கும்வரை ஆறு மாதத்துக்கு மேல் சந்தா கட்டாதீர்கள். கட்டி ஏமாந்தவர்கள் கலைப்பாளரிடம் ரசீதைக் கொடுத்துக் கடன் கோரிக்கையைப் பதிந்துவையுங்கள், சல்லிக்காசு தேறாவிட்டாலும். நிறுவன ஆணையத்தில் சில வெள்ளி கட்டினால் இயக்குநர்கள் யார் யார் என்ற தாள் கிடைக்கும். அதை வாங்கி, அவர்களில் ஒருவர் அடுத்து எந்தச் சங்கத்துக்குத் தலைவராக நிற்கிறாரோ அந்தச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து உரக்கப் படியுங்கள்.