சார்லஸ் என்றொரு ஆள்

என் பெயரில் ஒரு சௌகரியம் உண்டு. என்னை யார் கூப்பிட்டாலும் முதலில் ‘சார்’ போட்டே ஆக வேண்டும். மேலதிகாரி எரிச்சலில் கத்தினாலும், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கூவினாலும் அது ‘சார்’லஸ்தான். மரியாதை மிகுந்தவர்கள் பின்னாலும் ஒன்று சேர்த்து ‘சார்லஸ் சார்’ என்பார்கள். முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு சார், நடுவில் மாட்டிக்கொண்ட ‘லஸ்’ மட்டும்தான் நான்.

பாளையங்கோட்டையில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் தெருவிலேயே வழுக்கை சார்லஸ், பால்கார சார்லஸ், போஸ்ட்டாபீஸ் சார்லஸ் என்று இருந்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த எனக்கும் தெரு ஓர் அடைமொழி கொடுத்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

“எனக்கு ஏன் தாத்தா இந்தப் பேரு வச்சீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏலே, அது ராஜா பேருலே. இங்கிலாந்துக்கு நாளைக்கு ராஜாவாகப் போறவன் பேரு” என்றார் தாத்தா.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. “ராஜாவும் இல்ல, கூஜாவும் இல்ல. அது மிஷனரி ரேனியஸ் ஐயர் பேரு. நான்தான் சொன்னேன்” என்றாள்.

இந்த வழக்கைத் தீர்த்துவைக்கத்தான் பெரியவனானதும் வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே தாத்தா கட்சிக்குத் தோல்வி. சார்லஸுக்கு மூலம் ‘கார்ல்’. பழைய ஜெர்மானியக் குலங்களின் பேச்சில் ‘கார்ல்’ என்றால் ராஜா அல்ல, சும்மா ஆள். அடிமை அல்லாத, பிரபுவும் அல்லாத, தன் பாட்டை உழைத்துச் சாப்பிடுகிற சாதாரண ஆள். ஜெர்மனியில் இன்றும் ‘கெர்ல்’ என்றால் ஆசாமி. இங்கிலாந்துக்குப் போன உறவுக்காரச் சொல்லோ இன்னும் கீழே இறங்கி ‘சர்ல்’ ஆகி, முரட்டுப் பயல் என்று திட்டுவதற்குப் பயன்பட்டது. கழுத்தில் மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஊரைக் கூட்டி எனக்குச் சூட்டிய பெயருக்குப் பொருள் ‘ஆசாமி’.

ஆசாமி எப்படி ராஜா ஆனான் என்பதுதான் கதை. பிராங்க் நாட்டில் அரண்மனையை நிர்வகித்த பெப்பின் என்பவருக்கு, பட்டத்து மனைவி அல்லாத இன்னொருத்தி மூலம் ஒரு மகன் பிறந்தான். அவனுக்குத்தான் கார்ல் என்று பெயர். அப்பா செத்ததும் மாற்றாந்தாய் அவனைச் சிறையில் போட்டாள். பையன் தப்பித்து வந்து, எதிர்த்தவர்களையெல்லாம் அடித்து நொறுக்கி, நாட்டையே கைக்குள் வைத்துக்கொண்டான். 732-ல் பிரான்ஸின் பொய்த்தியே ஊர்ப் பக்கம் அரபுப் படையைத் தோற்கடித்த பிறகு அவனுக்கு ‘மார்த்தெல்’, அதாவது சம்மட்டி, என்று பட்டம் வந்தது. சாகும்வரை அவன் ராஜா ஆகவில்லை. நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்று ஆள்வது ஒன்றும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

சம்மட்டியின் பேரன்தான் சார்லமேன், அதாவது பெரிய சார்லஸ். எங்கள் தெருவில் பெரிய சார்லஸ் என்றால் வயதில் மூத்தவர். இவர் நிஜமாகவே பெரியவர். ஆறடி உயரம், மேற்கு ஐரோப்பாவில் பெரும்பகுதி அவர் கையில். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசர் முடி சூட்டினார். பாக்தாதிலிருந்து கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அவருக்கு ஒரு யானையை அனுப்பிவைத்தார். அபுல் அப்பாஸ் என்ற அந்த யானை 802-ல் ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு வந்து சேர்ந்தது. இத்தனை பெரிய மனிதருக்கு எழுத வரவில்லை. தலையணைக்கடியில் எழுதுபலகை வைத்துக்கொண்டு, தூக்கம் வராதபோதெல்லாம் எழுதிப் பழகினார் என்றும், வயதான பிறகு தொடங்கியதால் கை படியவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். கையெழுத்துக்காக வாத்தியாரிடம் அடி வாங்கிய சார்லஸ்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அவர் 814-ல் இறந்தார். அவருக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியர்கள், ராஜா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவர் பெயரையே ராஜாவுக்குச் சொல்லாக்கிக்கொண்டார்கள். போலந்தில் ‘க்ரூல்’, செக் மொழியில் ‘க்ரால்’, ரஷ்யாவில் ‘கரோல்’, அவர்களுக்குப் பக்கத்து ஹங்கேரியில் ‘கிராய்’ எல்லாம் கார்ல்தான். சீசருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்த யோகம் அடித்தது கார்லுக்கு மட்டும்தான். பிரெஞ்சுச் சீட்டுக்கட்டிலும் ஆட்டின் ராஜாவுக்குப் பெயர் சார்லஸ். ஆக, தாத்தா கட்சிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஆனால் வாரிசுகள் வந்தார்கள். பெரிய சார்லஸ் பெயரை வைத்தால் பெரிய சார்லஸ் ஆகிவிடலாம் என்று எல்லாரும் அதே பெயரை வைத்தார்கள். ஊருக்குள் அடையாளம் தெரிய வேண்டாமா? எங்கள் தெரு செய்ததையே ஐரோப்பாவும் செய்தது. பேரன் வழுக்கை சார்லஸ். அவருக்கு வழுக்கையே இல்லை, மயிர் அடர்ந்திருந்ததால்தான் கிண்டலாக அப்படிச் சொன்னார்கள் என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. எங்கள் வழுக்கை சார்லஸ் அண்ணாச்சிக்காக அப்படி வாதாட ஆள் இல்லை. கொள்ளுப்பேரன் குண்டு சார்லஸ். வைகிங்குகள் பாரிஸை முற்றுகையிட்டபோது இவர் பெரும்படையோடு வந்தார். எல்லாரும் யுத்தம் என்று காத்திருக்க, இவர் 700 பவுண்டு வெள்ளி கொடுத்து, “பக்கத்தில் பர்கண்டி இருக்கிறது, அங்கே போய்க் கொள்ளையடியுங்கள்” என்று அனுப்பிவைத்தார். 887-ல் சொந்தக்காரர்களே அவரை இறக்கிவிட்டார்கள்.

அடுத்தவர் வெள்ளந்தி சார்லஸ். கள்ளம் கபடம் இல்லாதவர் என்றுதான் முதலில் பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அது விவரம் இல்லாதவர் என்று ஆகிவிட்டது. நம் ஊரில் ‘அப்பாவி’ பட்ட பாடுதான். 911-ல் வைகிங் தலைவன் ரோலோவுக்கு இவர் நிலம் எழுதிக்கொடுத்தார். அதுதான் பின்னால் நார்மண்டி ஆனது. நிலம் வாங்குகிறவன் அரசர் காலை முத்தமிட வேண்டும் என்பது சடங்கு. ரோலோ முடியாது என்று தன் ஆள் ஒருவனை அனுப்பினான். அந்த ஆள் குனியவில்லை. நின்றபடியே அரசரின் காலைத் தன் வாய்வரை தூக்கினான். அரசர் மல்லாக்க விழுந்தார். நார்மன்களின் கதை எழுதிய துதோ இப்படி எழுதிவைத்திருக்கிறார். அவர் நார்மன்களிடம் சம்பளம் வாங்கியவர் என்பதால் கொஞ்சம் உப்பு சேர்த்திருக்கலாம். எனக்கு உப்போடுதான் பிடித்திருக்கிறது.

பிரான்ஸ் ஓயவில்லை. ஆறாம் சார்லஸுக்கு ‘அன்புக்குரியவர்’ என்று பட்டம். 1392-ல் காட்டுவழியே போகும்போது புத்தி பேதலித்துத் தன் கூட வந்தவர்களையே வாளால் வெட்டினார். பிறகு தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது இடித்தால் உடைந்துவிடும் என்று நம்பினார். உடைக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டார். ‘பைத்தியக்கார சார்லஸ்’ என்ற இரண்டாவது பட்டமும் சேர்ந்தது. எட்டாம் சார்லஸுக்கு ‘இனியவர்’ என்று பெயர். 1498-ல் அம்புவாஸ் கோட்டையில் பந்தாட்டம் பார்க்கப் போன அவசரத்தில் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். சில மணி நேரத்தில் உயிர் போயிற்று, வயது 27. தலை குனிந்து போ என்று ராஜாவிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

பட்டப்பெயர் போதாது என்று எண் போட்டார்கள். அதில் வேறு குழப்பம். 1500-ல் கென்ட் நகரில் பிறந்த ஒரே ஆள், ஸ்பெயினில் முதலாம் சார்லஸ், ஜெர்மனியில் ஐந்தாம் சார்லஸ். பாதி ஐரோப்பாவோடு அமெரிக்கக் கண்டத்தில் ஒரு பெரிய துண்டும் கையில் இருந்தது. காலில் கீல்வாதமும் இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் தம்பிக்கும் மகனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு யுஸ்தே மடத்துக்குப் போய் 1558-ல் கண்மூடினார். இந்த வரிசையில் தானாக எழுந்து போன சார்லஸ் இவர்.

ஸ்வீடன்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். யோஹன்னஸ் மாக்னஸ் என்ற பேராயர், நாட்டின் பெருமைக்காகத் தன் வரலாற்று நூலில் பழங்கால மன்னர்களைத் தாராளமாகப் படைத்துவிட்டார். அவற்றை நம்பி 17-ஆம் நூற்றாண்டில் முடிசூடியவர் தன்னை ஒன்பதாம் சார்லஸ் என்று அறிவித்துக்கொண்டார். முதல் ஆறு பேர் பிறக்கவே இல்லை. அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. 1973 முதல் அங்கே ஆள்பவர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். வாக்காளர் பட்டியலில் பிறக்காதவர்களைச் சேர்ப்பதற்கு நாம்தான் முன்னோடி என்று இனி யாரும் பெருமைப்பட வேண்டாம். நடுவில் பதினான்காம் கார்ல் என்று 1818-ல் பட்டமேறியவர் பெர்னதோத் என்ற பிரெஞ்சு வக்கீல் மகன், நெப்போலியனின் தளபதி. சாகும்வரை ஸ்வீடிஷ் மொழி கற்றுக்கொள்ளவில்லை. பெயரை மாற்றியதே போதும் என்று நினைத்திருப்பார். அந்தக் குடும்பம்தான் இன்றும் ஆள்கிறது.

தாத்தாவின் இங்கிலாந்துக்கு வருவோம். முதலாம் சார்லஸ் காலத்தில்தான் 1639-ல் கிழக்கிந்தியக் கும்பெனிக்குச் சென்னையில் நிலம் கிடைத்தது. இங்கே கோட்டைச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே அவர் நாடாளுமன்றத்தோடு சண்டை போட்டுத் தோற்றார். 1649 ஜனவரி 30 அன்று தலையை வெட்டினார்கள். குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறார் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனார். மகன் இரண்டாம் சார்லஸ், உல்லாசப் பேர்வழி. போர்த்துகல் இளவரசியைக் கட்டியபோது வரதட்சணையில் பம்பாய் வந்தது. கடலைத் தாண்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று 1668-ல் கும்பெனிக்கு வாடகைக்கு விட்டார். வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு. அட்வான்ஸ் பற்றித் தகவல் இல்லை.

தாத்தா சொன்ன அந்த ‘நாளைக்கு’ வருவதற்கு 2022 ஆயிற்று. மூன்றாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது வயது 73. நம் அரசாங்க ஊழியர் என்றால் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

இதற்கிடையே பெயர் தன் பழைய வேலைக்கே திரும்பியிருந்தது. சார்லஸ் டார்வின், சார்லஸ் டிக்கன்ஸ், கார்ல் லின்னேயஸ், சார்லி சாப்ளின்: ஒருவருக்கும் கிரீடம் இல்லை, எண் இல்லை, வழுக்கை, குண்டு என்ற அடைமொழியும் இல்லை. 1818-ல் ட்ரியர் நகரில் பிறந்த கார்ல் மார்க்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. ரஷ்ய மொழியில் ராஜா என்ற சொல்லே கார்ல். அங்கே மணிமுடி இறங்கிய கையோடு வந்த புரட்சிக்குக் குருநாதர் பெயரும் கார்ல். நம் ஊரில் கார்ல் மார்க்ஸ் என்று முழுப்பெயராகவே பிள்ளைகளுக்கு வைத்து, முன்னால் அப்பா பெயரின் தலையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள்.

ஆச்சியின் ரேனியஸ் ஐயரும் கார்ல்தான். பிரஷ்யாவில் பிறந்த கார்ல் ரேனியஸ் 1814-ல் சென்னைக்கு வந்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-ல் அங்கேயே மண்ணுக்குள் போனார். தமிழ் படித்தார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார், வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார், ஊர்களை உண்டாக்கினார். களக்காட்டுப் பக்கத்து டோனாவூருக்கு, பணம் கொடுத்து உதவிய தோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர். இங்கிலாந்துக்காரர்கள் இவரை சார்லஸ் என்றார்கள். இன்னொரு கார்ல், லைப்சிக் மிஷனின் கார்ல் கிரௌல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-ல் வெளியிட்டார். பெரிய சார்லஸுக்குத் தலையணைக்கடியில் பலகை வைத்தும் சொந்த எழுத்து வரவில்லை. இந்த கார்ல்கள் நம்முடைய 247-ஐயும் ஒரு கை பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு ஆச்சி பக்கம்.

பிள்ளைக்குப் பெயர் தேடி எண் கணிதக்காரரிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் பேரரசர் ஆனார், ஒருவர் மல்லாக்க விழுந்தார், ஒருவர் நிலைப்படியில் இடித்துச் செத்தார், ஒருவர் பாளையங்கோட்டை வெயிலில் தமிழ் இலக்கணம் எழுதினார். எழுத்தைக் கூட்டிக் குறைத்து எதுவும் நடக்கவில்லை. பெயர் என்பது பெற்றவர்கள் போடும் விண்ணப்பம். பட்டப்பெயர்தான் ஊர் எழுதும் தீர்ப்பு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கட்டிப் பயன் இல்லை. வாய்க்கு வருகிற நல்ல பெயராக ஒன்றை வைத்துவிட்டு, வாசல் நிலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும்.