அகத்தியருக்கு விசா கிடைக்கேல்லை

கேள்விப்பட்டன், தம்பி. உடம்பு அலுப்பு, மனசு அலுப்பு, அதுக்கு எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில ரண்டு நாள் படுத்தெழும்பிப் புத்துயிர் எடுக்க அரை மாசச் சம்பளம் கட்டப்போறியாம். கட்டு, கட்டு. அங்கை மூச்சு விடப் பழக்குவினமாம். நாற்பது வயசு மட்டும் அதைப் பழகாமல் எப்பிடிச் சமாளிச்சனியோ, எனக்கு அதுதான் அதிசயம். புல்லில வெறுங்காலோட நடத்துவினமாம். உன்ரை கொப்பர் செருப்பில்லாமல் வெங்காயத் தோட்டத்தில தண்ணி மாறினவர். இந்த விலைக் கணக்கில பார்த்தால் அவர் ஊரிலேயே பெரிய பணக்காரன், எங்களுக்குத்தான் தெரியாமல் போச்சு.

நட்சத்திரம் பார்க்கிறதும் அந்தக் காசுக்குள்ள அடக்கமாமே? ராவில ஒரு மணித்தியாலம், கம்பளியும் தருவினமாம். அதைக் கேட்டுத்தான் எனக்கு வாய் சும்மா இருக்கமாட்டன் எண்டுது.

இஞ்சை பலெர்மோவில நீ ஒவ்வொரு நாளும் பஸ்ஸில கடந்து போற நோர்மன் அரண்மனையைச் சொல்லுறன். அதுக்குள்ள தங்கச் சித்திரம் பதிச்ச கோயில் இருக்கு, சிசிலிச் சட்டசபையும் அங்கதான் கூடுது. அந்த அரசியல்வாதியளின்ரை தலைக்கு மேல, கோபுர உச்சியில, 1790இல ஒரு வானாய்வகம் கட்டினவை. நான் பராமரிச்ச கிழவர் ஒருத்தர், பழைய பள்ளிக்கூட வாத்தியார், நித்திரை வராத ராவெல்லாம் எனக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவார். அவருக்கு மருந்து குடுக்க மறந்தாலும் கோவம் வராது, கதையில ஒரு பேரை மறந்தால் வரும்.

அந்த வானாய்வகத்தின்ரை தலைவர் ஜுசெப்பே பியாட்சி எண்ட கத்தோலிக்கச் சுவாமியார். இலண்டனுக்குப் போய் ராம்ஸ்டன் எண்ட கருவிக்காரனிட்டை ஐஞ்சடி வட்டக் கருவி ஒண்டு செய்யக் குடுத்தார். ராம்ஸ்டன் கைகாரன்தான். ஆனால் எங்கட ஊர்த் தட்டார் மாதிரி, தவணை சொல்லுறதில இருக்கிற கெட்டித்தனம் குடுக்கிறதில இல்லை. சுவாமியார் விடேல்லை. அங்கையே நிண்டு கரைச்சல் குடுத்து 1789இல வேலையை முடிப்பிச்சு, பலெர்மோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கருவி இப்பவும் அந்தக் கோபுரத்திலதான் இருக்கு.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து என்ன செய்தவர் எண்டு நினைக்கிறாய்? எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச நட்சத்திரங்களைத் திரும்பவும் அளந்தவர். ஒரு நட்சத்திரத்தை ஒரு ராவில அளந்தால் தன்ரை கண்ணையே நம்பமாட்டார். அடுத்த ராவும் ஏறுவார், அதுக்கடுத்த ராவும் ஏறுவார். இப்பிடியே கூட்டிக் கூட்டி 1814இல அச்சடிச்ச பட்டியலில 7,646 நட்சத்திரம். சலிப்பான வேலையெண்டு நீ முகத்தைச் சுழிக்கிறாய். பொறு.

1801 ஜனவரி 1. வருஷமும் புதுசு, நூற்றாண்டும் புதுசு. அந்த ராவும் சுவாமியார் மேலதான். ரிஷபத்தில, கார்த்திகைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கல் புள்ளியொண்டு. இடத்தைக் குறிச்சு வைச்சிட்டுப் போனார். அந்த ராவு ஒரு அதிசயமும் நடக்கேல்லை, தம்பி. உன்ரை ஒரு மணித்தியாலக் கம்பளிக்காரர் எண்டால் "வானம் சரியில்லை" எண்டு காசைத் திருப்பிக் கேட்டிருப்பினம். அடுத்த ராவு பார்த்தால் புள்ளி கொஞ்சம் அரக்கியிருக்கு. முதல் நாள் அளவு பிழைச்சுப்போச்சோ எண்டு யோசிச்சார். மூண்டாம் ராவும் பார்த்தார், நாலாம் ராவும் பார்த்தார். அது நடந்துகொண்டே இருக்கு. நட்சத்திரம் அப்பிடி நடக்காது!

வெளியில "வால்நட்சத்திரம் போலக் கிடக்கு" எண்டு அடக்கமா அறிவிச்சார். மிலானில இருந்த ஒரியானி எண்ட கூட்டாளிக்கு மட்டும், இது அதைவிடப் பெரிய சங்கதியா இருக்கலாம் எண்டு காதோட காதா எழுதினார். நீயெண்டால் முதல் ராவே உன்ரை மூஞ்சையையும் சேர்த்துப் படம் பிடிச்சுப் போட்டிருப்பாய். புள்ளி விழுந்திராது, மூஞ்சை வடிவா விழுந்திருக்கும்.

பெப்ரவரி 11 மட்டும் 24 தரம் அளந்தார். இடையில வருத்தமும் வந்திட்டுது. பேந்து அந்தப் புள்ளி சூரிய வெளிச்சத்துக்குள்ள மறைஞ்சு ஒருத்தருக்கும் அம்பிடேல்லை. அப்ப ஜெர்மனியில 24 வயசுப் பொடியன் ஒருத்தன், காவுஸ் எண்டு பேர், இந்தக் கொஞ்ச அளவுகளை வைச்சுப் பாதையைக் கணக்குப் போட்டு, இன்ன இடத்தில தேடுங்கோ எண்டான். வருஷக் கடைசியில அங்கையே கண்டுபிடிச்சினம். செரஸ் எண்டு சிசிலியின்ரை தானியத் தெய்வத்தின்ரை பேரைச் சுவாமியார் வைச்சார். அரசனைக் குளிர்விக்கப் பெர்டினாந்தின்ரை பேரையும் கூட ஒட்டினார். மற்ற நாட்டுக்காரர் தெய்வத்தை வைச்சுக்கொண்டு அரசனைக் கழட்டிவிட்டிட்டினம். 940 கிலோமீற்றர் அகலம் அதுக்கு. இலங்கையை நீளப்பாட்டில ரண்டு தரம் வைக்கலாம். முதல் கிரகம் எண்டினம், பேந்து சிறுகோள் எண்டினம், 2006இல குறுங்கோள் எண்டினம். அதுக்கு ஒரு கவலையும் இல்லை, தன்பாட்டில சுத்துது. உனக்குத்தான் வேலையிடத்தில பட்டம் மாத்தினால் ஒரு கிழமைக்குச் சோறு இறங்காது.

இன்னொரு பகிடி இருக்கு. சுவாமியாருக்கு உதவியாளா நிக்கொலோ கச்சத்தோரே எண்டொரு ஆள். அந்த 1814ஆம் ஆண்டுப் பட்டியலில ரண்டு நட்சத்திரத்துக்குச் சுவாலோசின், ரோட்டனெவ் எண்டு புதுப் பேர். எந்த நாட்டுப் பாஷையெண்டு படிச்சவையள் கனகாலம் மண்டையை உடைச்சினம். கடைசியில ஒருத்தர் பின்பக்கமா வாசிச்சுப் பார்த்தால் நிக்கோலாவுஸ் வெனாட்டோர்! உதவியாளின்ரை பேரேதான், இலத்தீனில. அந்த ரண்டும் எங்க இருக்கு எண்டு கேள். எங்கட அவிட்டத்தில! பொம்பிளை அவிட்டம், தவிட்டுப் பானையெல்லாம் பணம் எண்டு உன்ரை கொம்மா சீதனத்தில குறைச்சு உனக்குக் கட்டிவைச்சாளே, அந்தப் பணம் ஏன் இன்னும் வரேல்லை எண்டு இப்ப விளங்குதோ? இத்தாலிக்காரன் முந்தியே பேரை எழுதிப் பதிஞ்சுபோட்டான்.

நீ ஒரு நட்சத்திரத்தையாவது ஒழுங்காப் பார்த்தனியோ? கலியாணத்தில ஐயர் பட்டப்பகலில கூரையைக் காட்டி "அருந்ததி தெரியுதோ" எண்டு கேட்க, ஓம் ஓம் எண்டு தலையாட்டின ஆள் நீ. எல்லாரும் ஆட்டினதுதான், நானும் ஆட்டினன். ஆனால் பலெர்மோவில அதைக் காண எவ்வளவு சுகம் தெரியுமே? இஞ்சை அருந்ததி மறையிறதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாசத்து ராவுகளில வடக்குக் கடலில முட்டுறமாதிரி இறங்கி, முட்டாமல் திரும்ப ஏறும். ஊரில பத்துப் பாகைக்கும் கீழ, பனைவடலிக்குப் பின்னால ஒளிச்சு நிண்ட துருவ நட்சத்திரம் இஞ்சை 38 பாகை உயரத்தில நிக்குது. நாங்கள் வடக்க எவ்வளவு தூரம் வந்திட்டம் எண்டு பாஸ்போட்டைவிட அது சரியாச் சொல்லும்.

அகத்தியர் எண்ட நட்சத்திரம் மட்டும் இஞ்சை இல்லை. ஊரில துலா மிதிக்கேக்க தெற்கால பளிச்செண்டு நிண்டவரை இஞ்சை வந்த புதுசில எவ்வளவு தேடினன் தெரியுமே? கிழவர்தான் சொன்னார், பலெர்மோவில அது அடிவானத்துக்கு மேல வாறதே இல்லையெண்டு. மயிரிழையில தப்புது, ஒரு பாகைகூடக் கீழ இல்லை. எங்கட ஆக்கள் எத்தினை பேர் அப்பிடித்தான் எல்லையில மறிபட்டவை. உனக்குச் சிரிப்பு. எனக்கு அண்டைக்கு அழுகை வந்தது. பேந்து என்னவோ, நெஞ்சில ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. ஏனெண்டு கேளாதை, அதை நான் இன்னும் பிரிச்சுப் பார்க்கேல்லை.

மலை வேணுமெண்டால் பெல்லெக்ரினோ இருக்கு, 600 மீற்றர். அரண்மனையை விட்டிட்டுப் போய்க் குகையில இருந்த ரொசாலியா எண்ட பெட்டையை, 1624இல ஊரில கொள்ளைநோய் வர, சனம் தெய்வமாக்கிச்சுது. குகைக் கூரையால ஒழுகிற தண்ணியைத் தகரப்பீலி வைச்சு இண்டைக்கும் பிடிக்கினம். சைவம், வேதம் எண்டு பாராமல் எங்கட சனமும் ஏறுது. செப்டெம்பர் 4 திருநாளுக்கு முதல் ராவு இத்தாலிக்காரரும் வெறுங்காலோட ஏறுவினம். வெறுங்கால், தம்பி. சிலவில்லாமல்.

ஆனால் மலையில நிண்டாலும் பட்டினத்து வெளிச்சம் பாதி வானத்தைத் திண்டுபோடும். கடல் பக்கம் திரும்பி நில். உந்தப் போனை மடியில வை. அது பேர் சொல்லும், சரி. ஆனால் கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேணும். ஒருக்கா அந்த வெளிச்சத்தைப் பார்த்தியோ, திரும்ப முதலில இருந்து.

உண்மையான இருட்டு வேணுமெண்டால் மதோனியே மலைப்பக்கம் இஸ்னெல்லோவுக்குத்தான் போகவேணும். அங்கை 2016இல கல் ஹாசின் எண்டு வானியல் நிலையம் திறந்திருக்கினம், தொலைநோக்கியும் இருக்கு. காரில ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. எனக்குச் சாரதிப் பத்திரம் இல்லையெண்டு உனக்குத் தெரியும். சனிக்கிழமை போவம். அந்தப் பக்கம் ஆரும் ஒரு அறை தந்தால் ஞாயிறு ராவும் நிண்டு பார்ப்பம், ஏனெண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. கார் உன்ரை, பெற்றோல் உன்ரை, அறைக்காசும் உன்ரை. கம்பளி என்ரை. உன்ரை மாமி கேட்டால் கோயில் நிர்வாகக் கூட்டம் எண்டு சொல்லு. ரண்டு நாள் கூட்டமோ எண்டு கேட்பாள். கணக்கில தகராறு எண்டு சொல்லு, நம்புவாள்.