ஆணிக் கணக்கு

சிங்காநல்லூரில் நாலு லைன் வீடு வைத்திருக்கும் பெரியப்பா, குடிவருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "ஆணி அடிப்பீங்களாங்க?" நல்ல தண்ணி எத்தனை நாளைக்கொருக்கா வரும் என்று அவர்கள் கேட்டால் மட்டும் காது மந்தமாகிவிடும். மாடித் தொட்டி மூன்று வருடமாக ஒழுகுகிறது, அது "பாத்துக்கலாமுங்க."

2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பாடு. வெள்ளையடிப்பதும் பைப் மாற்றுவதும் வீட்டுக்காரர் பாடு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எடுத்துச் சொன்னேன்.

"அப்படியா கண்ணு" என்றபடியே, காலி செய்தவர்களின் அட்வான்ஸில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்தார்.

புதுக் குடித்தனம் வந்தாயிற்று. அதே சுவர், அதே ஆணி. காலண்டர் மட்டும் புதுசு.