மூட்டை முடிச்சோடு சில கேள்விகள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேத்தூர்: எல்லாரும் பட்டணத்துக்கே ஓடுகிறார்களே, நம் கிராமம் என்ன ஆகும்?

சார், சேத்தூர் பேரூராட்சி. பேரூராட்சி என்றாலே சென்சஸ் கணக்கில் நகரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரவாசிகள் 48.4 சதவீதம் என்று வந்ததே, அதில் உங்கள் தலையும் ஒன்று. திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே பட்டணம் போய்ச் சேர்ந்தவர் நீங்கள்!

கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்: அப்படியானால் எது கிராமம், எது நகரம்?

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று பட்டம் வாங்கியதெல்லாம் நகரம். பட்டம் வாங்காத ஊர் மூன்று பரீட்சையில் பாஸாக வேண்டும். ஜனத்தொகை 5,000. சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். முக்கியமாக உழைத்துப் பிழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை.

'ஆண்களில்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள் அம்மா. வயலில் நாற்று நடுகிற கை யாருடையது? அந்தக் கை இந்தக் கணக்கில் வராது.

மளிகைக் கடைக்காரர், தளவாய்புரம்: ஜனங்கள் ஊர் மாறுவது வேலைக்காகத்தானே?

கல்யாணத்துக்காக! மத்திய அரசின் 2020-21 தொழிலாளர் கணக்கெடுப்பில், ஊர் மாறிய பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம்தான். ஆண்டாளே வில்லிபுத்தூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள்தானே? இடம்பெயர்வு என்றதும் சூட்கேஸோடு நிற்கும் வாலிபனையே படம் போடுகிறார்கள். மறுவீட்டுச் சீரோடு வேன் ஏறும் பெண்ணைப் போட வேண்டும்.

பட்டதாரி இளைஞர், முகவூர்: இதற்கெல்லாம் தியரி ஏதும் உண்டா?

உண்டு. ராவென்ஸ்டைன் என்பவர் 1885இல் எழுதினார். பெரும்பாலோர் பக்கத்து ஊருக்குத்தான் போகிறார்கள். குறுகிய தூரத்தில் பெண்களே அதிகம். ஒரு திசையில் ஓட்டம் இருந்தால் எதிர்த்திசையிலும் ஓட்டம் இருக்கும் என்றார். அவரே ஜெர்மனியில் பிறந்து லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்.

நம் தொல்காப்பியர் அதற்கும் வெகு முன்னால் தலைவன் ஊரை விட்டுப் பிரிகிற காரணங்களை வரிசை போட்டுவிட்டார்: படிப்பு, போர், தூது, பொருள். இன்றைய பேச்சில் சொன்னால் காலேஜ், மிலிட்டரி, கம்பெனி டூட்டி, துபாய். பட்டியல் மாறவில்லை, பஸ்தான் மாறியிருக்கிறது.

புதுமாப்பிள்ளை, சிவகிரி: பிழைப்பு தேடி ஊர் மாறியவர்களில் தமிழ் இலக்கியத்தில் பேர்போனவர் யார்?

கோவலன். புகாரிலிருந்து மதுரைக்கு. கைமுதல் மனைவியின் சிலம்பு. பழக்கமில்லாத ஊரில் அவசரத்துக்கு நகை விற்கப் போகாதீர்கள், மாப்பிள்ளை.

பிளஸ் டூ மாணவியின் அம்மா, சேத்தூர்: மகள் வேலைக்குப் போக வேண்டும், ஊரையும் விடக் கூடாது. வழி உண்டா?

உண்டு தாயி. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். அதற்குப் பிறகு மில் மேல் மில். மில் சங்கு சத்தத்துக்கு அடுப்பு பற்றவைத்த ஊர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை! பகலில் நூலும் இரவில் சொந்த வீடும் என்று ஒரு வாழ்க்கை உண்டாயிற்று.

அடுத்தது சத்திரப்பட்டி. தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை. காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி. ஒளி ஊடுருவும் அளவுக்கு இளைத்த துணி, கையில் எடுத்தால் கனமே தெரியாது. எங்கேயோ ஒருவன் கால் தடுக்கி விழுந்தால் சத்திரப்பட்டி வீட்டில் உலை கொதிக்கும்.

மூன்றாவது, பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். சேத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 10 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு இப்போது மடியிலேயே இருக்கிறது. ஊர்க்காரர்களை ஊரில் நிறுத்த எத்தனையோ திட்டம் பேசினார்கள். நிறுத்தியது கண்டக்டர் கிழிக்கிற அந்தக் காசில்லாத சீட்டு.

ஆகவே பிள்ளையைப் படிக்க வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வையுங்கள்.

மில் தொழிலாளி, ராஜபாளையம்: ஒடிசா, பீகார் பையன்களாக வந்து நிறைகிறார்களே, நம் பையன்களுக்கு என்ன வழி?

தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் எழுப்பிய ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா, அண்ணாச்சி? சென்னை ராஜதானியின் முதல்வராக இருந்த உங்கள் ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1954இல் ஒடிசா போனார், கவர்னராக. அவர் போனது ராஜ்பவனுக்கு. இவர்கள் வருவது ராத்திரி ஷிப்டுக்கு. கூலியை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பையனும் உங்களோடு சேர்ந்து கேட்பான்.

இல்லத்தரசி, ராஜபாளையம்: தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதே!

அதே குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் உங்கள் ஊர் காந்தி கலை மன்றம். எல்லாருக்கும் அவ்வளவு மனசு வராது, சரி. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தெருப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து படிக்கச் சொல்லலாமே? இப்போது அங்கே கறையான்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

தென்னந்தோப்பு விவசாயி, தேவதானம்: யானை இறங்கித் தோப்பைச் சாய்க்கிறது. விற்றுவிட்டு மகனோடு மதுரைக்குப் போகலாமா?

வருத்தமான கேள்வி ஐயா. மேலே இருப்பது 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். தண்ணீரும் தீனியும் தேடி யானை கீழே இறங்குகிறது. அதையே தேடித்தான் உங்கள் மகன் மதுரைக்குப் போனான். சாய்ந்த மரத்தைப் படம் எடுத்து உடனே வனத்துறையில் மனுக் கொடுங்கள். ஒரு மரத்தையும் விடாமல் எழுதுங்கள். சாய்ந்த இடத்தில் கன்று வைக்கலாம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கன்று வைக்க இடம் இராது.

ஐ.டி. ஊழியர், சென்னை: பன்னிரண்டு வருஷமாகிறது. இன்னமும் ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறும்போது தொண்டை அடைக்கிறதே, ஏன்?

பையைப் பாருங்கள். நியூஸ்பேப்பரில் சுற்றிய முருங்கைக்காய், தூக்குவாளியில் மூடி நகராமல் துணி கட்டிய புளிக்குழம்பு, அரைக்கிலோ பால்கோவா, மூன்று தேங்காய். எழும்பூரில் இறங்கி எண்ணிப் பாருங்கள், தேங்காய் நான்கு இருக்கும். தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்?

அதே ஐ.டி. ஊழியர்: அப்படியானால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா?

தம்பி, 2020 ஊரடங்கில் லேப்டாப்போடு ஊருக்கு வந்து தென்னை மரத்தடியில் மீட்டிங் பேசியவர்கள் உண்டு. ஆபீஸ் கூப்பிட்டதும் சென்னை போய் இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. அவசரம் வேண்டாம்.

நீ முடிவெடுப்பது எப்போதும் பொங்கலுக்கு வரும்போது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடித்திருக்கும், கண்மாயில் தண்ணீர் கிடக்கும், ஊர் மணப்பெண் மாதிரி இருக்கும். சித்திரையில் பதினைந்து நாள் லீவு போட்டு வா. கண்மாய் வெடித்துக் கிடக்கும், குழாயில் தண்ணீர் வருகிற நாள் தெருவுக்கே மனப்பாடமாக இருக்கும், மாம்பழமும் வந்திருக்கும். அம்மாவோடு குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நில். அப்புறம் எனக்கு ஒரு கார்டு போடு.